காலை அளக்காமல் ஷூ கொடுக்காதீர்கள்

கேள்வி: குடியாத்தம் பஜாரில் என் மாமனார் ஆரம்பித்த செருப்புக்கடை. அவர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் ஆம்பூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். ஊர்க்காரர்கள் தவிர, பலமனேர், வி.கோட்டா பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து வாங்குகிற தெலுங்குக்காரர்களும் உண்டு. கேட்ட நம்பரைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு வாரத்தில் "கடிக்குதுக்கா", "பின்னால கழலுது" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். இன்னொரு பக்கம், கடையில் போட்டுப் பார்த்துவிட்டு போனில் ஆர்டர் போட்டுக்கொள்கிறார்கள். விற்காத சரக்கு பரண் முழுக்கக் கிடக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "எனக்கு எது நல்லது" என்று கேட்டால் பதில் சொல்லவே பயமாக இருக்கிறது. ஜூன் மாதப் பள்ளி சீசனுக்குச் சரக்கு எடுக்கலாமா, இல்லை கடையையே வேறு வியாபாரத்துக்கு மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

கடையை மாற்ற வேண்டாம் அம்மா. பள்ளி சீசனுக்குச் சரக்கு எடுங்கள். எப்படி எடுப்பது என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பேசியாக வேண்டும். "கேட்ட நம்பரைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்" என்கிறீர்கள். திரும்பி வருகிற ஜோடி, பரணில் தங்குகிற சரக்கு, போனுக்கு ஓடுகிற வாடிக்கையாளர் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

நான் ஆம்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில், அதாவது ஷூவுக்கான வெட்டு வடிவம் வரைகிற பிரிவில் இருந்துவிட்டு, அப்புறம் சொந்தமாகக் கடை வைத்தவன். அந்த நம்பர் எப்படிப் பிறக்கிறது என்பதை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஷூவும் லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின்மேல் இழுத்துக் கட்டித்தான் உருவாகிறது. பெட்டியில் அடித்திருக்கும் 8 என்பது அந்த அச்சின் நீளத்தைச் சொல்கிறது. உள்ளே நுழையப்போகிற காலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரு கம்பெனியின் அச்சில் விரல் பக்கம் கூர்மையாக இருக்கும், இன்னொன்றில் அகலமாக இருக்கும். இரண்டுக்கும் நம்பர் 8தான். வாடிக்கையாளர் "எனக்கு எட்டு" என்று சொல்வது, போன தடவை எவரோ கொடுத்த எட்டு எப்படியோ போய்விட்டது என்பதால் மட்டுமே. தையல்காரர் யாரிடமும் நம்பர் கேட்பதில்லை, கழுத்தில் தொங்கும் டேப்பை எடுக்கிறார். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நாம் விற்கும் பெரும்பாலான சரக்கில் இருப்பது பிரிட்டிஷ் நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். 41, 42 என்று வருவது ஐரோப்பிய நம்பர். அதில் ஒரு படிக்கு ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டும் வேறு வேறு படி என்பதால் ஒன்றுக்கொன்று சரியாக உட்காராது. பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தாலும் அது உத்தேசக் கணக்குதான். உங்கள் பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும், தெரியும். அதில் வரும் பல ஜோடிகள் ஐரோப்பியக் கால்களுக்கான அச்சில் கட்டியவை. தோல் அருமையாக இருக்கும், தையல் நேர்த்தியாக இருக்கும், ஆனால் நம் ஆட்களின் முன்பாதம் அதில் அடங்காது. விலையைப் பார்த்து மூட்டையாக எடுத்துவிடாதீர்கள்.

இந்த அகலம்தான் நம்மூரில் முக்கால்வாசித் தொல்லைக்குக் காரணம். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென்று 'பா' என்ற பெயரில் ஒரு தனி அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. அந்த ஆய்வில் தெளிவாக வந்த முடிவு, இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது. நாம் ஷூ வாங்கும்போதெல்லாம் முன்னால் இறுக்குவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இறுக்கினால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு நம்பர் பெரிதாகக் கேட்கிறார்கள். தமிழில் "ஒரு சைஸ் பெரிசா குடுங்க", தெலுங்கில் "கொஞ்செம் பெத்ததி இவ்வண்டி". நீங்களும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு நம்பர் ஏறினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலமோ இரண்டு மில்லிமீட்டர் போலத்தான் கூடும். அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக எட்டரை மில்லிமீட்டர் வீண் நீளத்தை அவர் காலில் மாட்டி அனுப்புகிறோம். குதிகால் பின்னால் நிற்காமல் ஏறி ஏறி இறங்கும். ஷூ மடங்குகிற இடமும் பாதம் மடங்குகிற இடமும் ஒன்றாக இருக்காது. பின்னங்காலில் கொப்புளம் வரும். ஒரு வாரத்தில் "பின்னால கழலுது, கடிக்குது" என்று அவர் வந்து நிற்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஷூவும் மோசமில்லை. அகலமான அச்சில் கட்டிய வேறொரு மாடலைக் காட்டியிருக்க வேண்டிய இடத்தில் நீளமான நம்பரைக் கொடுத்துவிட்டோம்.

சரி, எப்படி அளப்பது? பெரிய கடைகளில் ஒரு உலோகத் தட்டு வைத்திருப்பார்கள். பிரானாக் கருவி என்று பெயர். அமெரிக்காவில் சார்லஸ் பிரானாக் என்பவர் 1920களில் உருவாக்கியது. நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரம் என்று மூன்றையும் அது ஒரே நேரத்தில் காட்டும். வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றாலும் குறை ஒன்றுமில்லை. சுவரை ஒட்டித் தரையில் ஒரு ஸ்கேலைப் பதித்துவிடுங்கள். வாடிக்கையாளர் குதிகாலைச் சுவரில் ஒட்டி, இரண்டு காலிலும் எடை போட்டு நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் தப்பாகப் போகும், ஏனென்றால் எடை ஏறும்போதுதான் பாதம் நீண்டு அகலும். நீளமான விரல் எதுவோ அதுவரை அளக்க வேண்டும். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதைக் கவனியுங்கள். அகலத்துக்கு ஒரு துணி டேப்பைப் பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சுற்றிப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு காலையும் அளக்க வேண்டும், இதில் சோம்பல் படக்கூடாது. இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. பெரிய காலுக்கு ஏற்ற ஜோடியைக் கொடுத்துவிட்டு, சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டையோ குதிகால் பேடோ வைத்துச் சரிசெய்யலாம். சின்னக் காலுக்கு ஏற்றதைக் கொடுத்துப் பெரியதை நுழைக்கச் சொன்னால் அதற்கு மருந்து கிடையாது. நேரமும் முக்கியம். நாள் பூராவும் நின்று நடந்த பாதம் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் பிடிக்கும். பலமனேர்க்காரர் முதல் பஸ்ஸில் வந்து காலை பத்து மணிக்கு வாங்கிக்கொண்டு போகிறார் என்றால், அவருக்கு மட்டும் விரல் பக்கம் கொஞ்சம் தாராளமாகப் பார்த்துக் கொடுங்கள்.

அளந்தது தொடக்கம்தான், போட்டுப் பார்ப்பதில்தான் முடிவு தெரியும். எந்த சாக்ஸோடு போடப்போகிறாரோ அந்த சாக்ஸ் காலில் இருக்கட்டும். கடையில் இரண்டு மூன்று வகை சாக்ஸ் துவைத்து வையுங்கள். லேஸைக் கட்டி, எழுந்து நிற்கச் சொல்லி, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது பாதம் முன்னால் தள்ளும். அந்த இடம் இல்லையென்றால் நகம் கறுக்கும். அப்புறம் பெருவிரல் மூட்டைத் தொட்டுப் பாருங்கள், ஷூவின் அகலமான இடம் அதற்கு நேராக வர வேண்டும். ஷூவைக் கையில் எடுத்து வளைத்தால் அதே இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடங்குகிற ஷூ எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வாங்கி வைக்காதீர்கள். கடைசியாக நடக்கச் சொல்லுங்கள், மிதியடி விரிப்பில் வேண்டாம், வெறும் தரையில். குதிகால் துளி அசைந்தால் பரவாயில்லை. சாக்ஸை உரசிக்கொண்டு ஏறி இறங்கினால் அந்த ஜோடி வேண்டாம்.

ஒரு விஷயத்தை நம் தொழிலில் எல்லோரும் சொல்கிறார்கள், நீங்கள் சொல்லாதீர்கள்: "போடப் போட லூஸ் ஆயிடும்." அசல் தோலாக இருந்தால் அகலத்தில் கொஞ்சம் இளகும், பாதத்தின் வடிவத்துக்கு வரும். நீளத்தில் எந்தத் தோலும் வளராது. ரெக்சின், பிளாஸ்டிக் கலந்த செயற்கை அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, அகலத்திலும் இளகாது. இன்று நடுத்தர விலையில் நாம் விற்பதில் பாதிக்கு மேல் செயற்கைதான். விரல் முட்டுகிற ஷூவை இந்த வார்த்தையைச் சொல்லி விற்றால், அந்த வீட்டில் அடுத்த மூன்று ஜோடியை இழக்கிறீர்கள். தோல் ஷூவில் அகலம் துளி பிடித்தால் மட்டும், ஷூவை அகலப்படுத்துகிற மர ஸ்ட்ரெச்சரை உள்ளே போட்டு ஒரு ராத்திரி வைத்துக் கொடுங்கள். கடை வாசலில் செருப்புத் தைக்கிற பெரியவர் இருந்தால் அவரை உங்கள் ஆளாகவே வைத்துக்கொள்ளுங்கள். வார் சுருக்குவது, பக்கிளுக்கு ஒரு துளை கூடப் போடுவது, குதிகாலுக்குள் பேட் ஒட்டுவது என்று அவர் கையால் காப்பாற்றக்கூடிய ஜோடிகள் நிறைய. அந்தக் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள், வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டாம்.

திரும்பி வருகிற ஜோடியையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "கடிக்குது" என்றால் "எந்த இடத்தில்" என்று கேட்டு விரலால் காட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரல் ஓரமா, அகலம் போதவில்லை. பெருவிரல் நகமா, நீளம் போதவில்லை, இல்லை லேஸ் தளர்ந்து பாதம் முன்னால் சறுக்குகிறது. பின்னங்காலா, அநேகமாக நம்பர் பெரிது. மூன்றுக்கும் மருந்து வேறு. அதே மாதிரி புதிதாக வாங்க வருபவரின் காலில் இருக்கும் பழைய செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். விரல் பதிந்த தடம், குதிகால் தேய்ந்த பக்கம், வார் இழுபட்ட இடம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். விரல் தடம் அட்டையின் விளிம்பைத் தாண்டியிருந்தால், அவர் எந்த நம்பரைக் கேட்டாலும் நீங்கள் அடுத்ததை எடுக்க வேண்டும்.

ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடையில் விற்பனையில் பெரும்பகுதி செருப்பாகத்தான் இருக்கும். செருப்புக்குப் பொருத்தம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் நாள் முழுக்க உழைக்கிற பீடித் தொழிலாளியும் நெசவாளியும் காய்கறி விற்கிற அம்மாவும் போடுவது செருப்பைத்தான். குதிகால் பின்விளிம்பில் தொங்கக்கூடாது, முன்னால் விரல் நுனி அட்டைக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் சுண்டுவிரல் வழியக்கூடாது. செருப்பு தளர்வாக இருந்தால் அது கழலாமல் இருக்க விரல்கள் நாள் பூராவும் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இருக்கும். கெண்டைக்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம். மெத்தென்று அமுங்குகிற செருப்பைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். கையால் அழுத்தினால் தரைவரை அமுங்குகிற அட்டை, ஐம்பது அறுபது கிலோ எடையின் கீழ் ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும். அமுங்கி மீண்டு வருகிறதா என்று பாருங்கள்.

இனி சர்க்கரை. இங்கே நீங்கள் பயப்படுவது நியாயம், அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் பயந்துகொண்டு ஒதுங்கிவிடவும் கூடாது.

பல வருஷச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்கும். ஆணி குத்தினால் தெரியாது, கொப்புளம் வந்தால் தெரியாது. அதில் நம் தொழிலுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. உணர்ச்சி மங்கியவருக்குச் சரியான அளவு ஷூ போட்டால் காலில் எதுவும் இல்லாத மாதிரி இருக்கும். இறுக்கமாகப் போட்டால்தான் "ஆங், இப்ப பிடிக்குது" என்பார். அவர் வார்த்தையை நம்பிச் சின்ன நம்பரைக் கொடுத்தால் புண்ணை விற்கிறோம் என்று அர்த்தம். இவர்கள் விஷயத்தில் மட்டும் "எப்படி இருக்கு" என்று கேட்டு முடிவு பண்ணவே கூடாது. அளவும் உங்கள் கட்டைவிரலும்தான் முடிவு பண்ண வேண்டும்.

அவர்களுக்கு விரல் இடுக்கில் வார் போகிற செருப்பு ஆகாது. விரலிடுக்கில் உரசும், கழன்றும் விழும். பின்னால் வார் வைத்து, மேலே வெல்க்ரோவில் கூட்டிக் குறைக்கிற மாதிரி, விரல் பக்கம் உயரமும் அகலமும் உள்ளதாக, உள்ளே தையல் முண்டு இல்லாததாகப் பாருங்கள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உள் அட்டை எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பராக இருந்தால் நல்லது. அது மெத்தென்று இருந்து எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும். கீழே இருக்கும் சோல் கெட்டியாக இருக்க வேண்டும், முள் ஏறக்கூடாது. இந்த எம்.சி.ஆர். செருப்பின் கதையே உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை. தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களைக் காப்பாற்ற டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் வேலூர் சி.எம்.சி.யிலும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரி மருத்துவமனையிலும் செய்த வேலையில் வளர்ந்தது அது. அங்கே கற்ற பாடம்தான் பிறகு சர்க்கரைப் பாதங்களுக்கும் வந்தது. அதனால் உங்களிடம் வருபவருக்குப் புண்ணோ, ஆறின புண்ணின் தழும்போ, விரல் எடுத்த பாதமோ, வடிவம் மாறிய பாதமோ இருந்தால், தயார் சரக்கு எதையும் விற்காதீர்கள். வேலூருக்கோ கரிகிரிக்கோ போகச் சொல்லுங்கள். அங்கே காலுக்கு அளவெடுத்தே செய்து கொடுப்பார்கள். ஒரு ஜோடி விற்பனை போகும், போகட்டும்.

அப்படி எதுவும் இல்லாத மற்ற சர்க்கரைக்காரர்களுக்கு விற்கும்போது நான்கு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். முதல் சில நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தினமும் போடுவதற்கு முன்னால் ஷூவைத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் வெறுங்கால். குடியாத்தத்தில் வைகாசியில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. அந்த வெயிலில் தார் ரோட்டிலும் கல் தரையிலும் வெறுங்காலோடு நடந்து, சூடு தெரியாமலே பாதம் வெந்து போகிற சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். சாமி கும்பிட விடியற்காலையில் போகச் சொல்லுங்கள், சன்னதி வரைக்கும் சாக்ஸாவது காலில் இருக்கட்டும். கடைக்காரர் சொன்னால் கேட்பார்களா என்று யோசிக்காதீர்கள். டாக்டர் காலைப் பார்ப்பது வருஷத்தில் ஓரிரு தடவை. செருப்புக்கடையில் அவர் செருப்பைக் கழற்றிக் காலை உங்கள் முன்னால் நீட்டியே உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளி சீசனுக்கு வருவோம். பிள்ளைகளின் ஷூ நம்பரில் ஒரு குழப்பம் இருக்கிறது, புதிதாகக் கடை பார்ப்பவர்களை அது படுத்தும். சின்னப் பிள்ளை நம்பர் 13 வரை போய், அங்கே முடிந்து, மறுபடியும் 1லிருந்து தொடங்கும். 13க்கு அடுத்தது 1தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு "நம்பர் ரெண்டு" என்று அம்மா கேட்கும்போது, குழந்தை ரெண்டா பெரிய ரெண்டா என்று வயதைக் கேட்டு எடுங்கள். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லா அம்மாவும் கேட்பது ஒன்றுதான், "அடுத்த வருஷமும் வரட்டும், ரெண்டு நம்பர் பெரிசா குடுங்க." காசுக்கான கவலை அது, குறை சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு நம்பர் என்றால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வெற்றிடம். அந்தப் பிள்ளை படியில் தடுக்கி விழும், இல்லை விளையாடும்போது ஷூவைக் கழற்றி வைத்துவிடும். ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் ஒன்றேகால், அதற்குமேல் வேண்டாம். சின்னப் பிள்ளை "பிடிக்குது" என்று சொல்லாது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். எலும்பு இன்னும் முழுசாக இறுகாத இளம் பாதம், இறுக்கத்துக்கு மடங்கிக் கொடுத்துவிடும், வலியும் தெரியாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கடைப் பக்கம் வந்தால் சும்மா அளந்து சொல்கிறேன் என்று சொல்லி அனுப்புங்கள். அரசுப் பள்ளியில் இலவசமாகக் காலணி வாங்கிய பிள்ளை வந்தாலும் அளந்து சொல்லுங்கள், பொருந்துகிறதா என்று பாருங்கள், தேவையானால் ஒரு அட்டை வைத்துக் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் தாத்தாவும் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள்.

சரக்கு எடுப்பதில், மொத்த வியாபாரி கொடுக்கிற செட்டை அப்படியே எடுக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். ஒரு பெட்டியில் 6 முதல் 10 வரை அவர் கணக்குப்படி கலந்து வரும். ஓரத்து நம்பர்கள்தான் உங்கள் பரணில் ஏறியிருக்கும், பார்க்காமலே சொல்வேன். காலை அளக்க ஆரம்பித்ததும் ஒரு நோட்டுப் போடுங்கள்: பெயர், ஊர், இடது நீளம், வலது நீளம், சுற்றளவு, எந்த மாடல் எந்த நம்பர் பொருந்தியது. ஒரு சீசன் ஓடினால் உங்கள் வாடிக்கையாளர்களின் கால் எந்த அளவில் குவிந்திருக்கிறது என்று அந்த நோட்டே சொல்லும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை பெரியமேட்டு மொத்தக் கடைகளில் பேசுங்கள், "இந்த மாடலில் 7ம் 8ம் மட்டும் இவ்வளவு" என்று கேளுங்கள். மாடலைக் குறையுங்கள், இருக்கிற மாடலில் நம்பர் விடுபடாமல் வையுங்கள். இருபது டிசைனில் அரைகுறையாக வைப்பதைவிட எட்டு டிசைனில் எல்லா நம்பரும் இருப்பது நல்லது. அந்த எட்டில் குறைந்தது இரண்டு டிசைன் அகலமான அச்சாக இருக்கட்டும்.

விலையிலும் உங்களுக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 18 சதவீதம். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில் இருக்கும் ஷூக்களில்தான் நல்ல சோலும் அகல வகையும் கிடைக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் பணம் போடுங்கள்.

போனில் ஆர்டர் போடுபவர்களைப் பற்றிக் கோபப்படாதீர்கள். போட்டுப் பார்க்கக் காசு வாங்கலாமா என்று யோசித்தாலும் வேண்டாம். இப்போது அவர் உங்களிடம் தெரிந்துகொள்வது ஒரு நம்பர். அது இலவசமாகக் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகத்தான் செய்வார். நீங்கள் இரண்டு காலையும் அளந்து, வலது கால் பெரிது என்று காட்டி, மூன்று மாடல் போட்டு நடக்கவிட்டு, இது வேண்டாம் இது போதும் என்று சொல்லி, வார் சுருக்கிக் கொடுத்தால், அவர் போனில் தேட அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. பத்து பேரில் இரண்டு பேர் அப்போதும் போவார்கள். பொருந்தாமல் திருப்பி அனுப்ப அலைந்த பிறகு அதில் ஒருவராவது உங்களிடம் வருவார், வந்தால் முகம் சுளிக்காமல் அளவெடுங்கள்.

மாற்றிக் கொடுப்பதற்கு மட்டும் ஒரு விதி வைத்து, விற்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள்: வீட்டுக்குள் ஒரு சாயங்காலம் போட்டு நடந்து பாருங்கள், சரியில்லையென்றால் மூன்று நாளைக்குள் கொண்டுவாருங்கள், தெருவில் போட்டு சோல் அழுக்கானால் மாற்ற முடியாது. ஆந்திரா பக்கம் போகிறவருக்கு மூன்று நாள் போதாது, ஒரு வாரம் கொடுங்கள். பில்லின் பின்னால் தெலுங்கிலும் இதை அச்சடித்துவிட்டால் பேச்சு மிச்சம்.

கடைசியாக அந்தப் பரண். புதுச் சரக்குக்குப் பணம் போடுவதற்கு முன்னால் அதை முழுக்கக் கீழே இறக்குங்கள். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் உள்ளவற்றைத் தனியாகப் பிரியுங்கள். பி.யூ. சோல் காலில் ஏறாமல் பெட்டியிலேயே இருந்தாலும் காற்றின் ஈரம் பட்டுச் சில வருஷத்தில் உள்ளுக்குள் சிதைந்துவிடும். பார்த்தால் புதிதாகவே இருக்கும், போட்டு நடந்த முதல் நாளே பாளம் பாளமாக உதிரும். ஒவ்வொன்றையும் நன்றாக வளைத்து, சோலின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடித்தாலோ பிசுபிசுத்தாலோ தள்ளுபடியிலும் விற்காதீர்கள், குப்பைக்குப் போகட்டும். நன்றாக இருப்பதை மே மாதத்துக்குள் அடக்க விலைக்கு விட்டு, அந்தப் பணத்தைப் பள்ளி ஷூவில் போடுங்கள். இனிமேல் வருகிற ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் வந்த மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் எழுதி, பழையது முன்னால் நிற்கிற மாதிரி அடுக்குங்கள்.